கடலைக்கொல்லையில் பிளஸ்–2 பயாலஜி! சிங்கவரம் பிள்ளைகளுக்குப் புத்தகம் ஒன்று, பரீட்சை இரண்டு

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் சிங்கவரம் வரை போவதில்லை. போனவர்கள் மறப்பதில்லை. செஞ்சிக்கு வடக்கே, சைக்கிளில் போகிற தூரத்தில் இருக்கிறது ஊர். குன்றைக் குடைந்து, உள்ளே ரங்கநாதரைப் பள்ளிகொள்ள வைத்திருக்கிறார்கள். பல்லவர் காலத்து வேலை.

தேசிங்கு ராஜா சண்டைக்குப் புறப்படும் முன்பு இந்தப் பெருமாளிடம் உத்தரவு கேட்டானாம். பெருமாள் முகத்தைத் திருப்பிக் கொண்டாராம். ராஜா கேட்கவில்லை. 1714ல் போர்க்களத்தில் மாண்டான். இந்தப் பக்கத்தில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்.

இப்போதெல்லாம் பெருமாளிடம் உத்தரவு கேட்கிறவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். மாசி பிறந்தால் பிளஸ்–2 பரீட்சை. ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் சாமி முன்னால் வைத்து எடுப்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். அதில் பயாலஜி குரூப் பிள்ளைகளுக்குத்தான் வேண்டுதல் நீளம். மற்றவர்களுக்கு ஒரு பரீட்சை. இவர்களுக்கு இரண்டு.

மார்ச்சில் பிளஸ்–2. மே மாதம் நீட்.

படிக்கப் போவது கிட்டத்தட்ட ஒரே பாடம்தான். ஆனால் இரண்டு பரீட்சையும் அதைக் கேட்கிற விதம் வேறு வேறு. அங்கேதான் பல பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள்.

"மனப்பாடம் பண்ணினா போச்சு!"

பயாலஜி என்றால் மனப்பாடப் பாடம் என்று ஒரு பேர் வந்து விட்டது. கணக்கு வராத பிள்ளைக்கு பயாலஜி என்று குரூப் எடுத்துக் கொடுக்கிற அப்பாக்கள் உண்டு. "என்னம்மா பெரிய கஷ்டம்? உட்கார்ந்து உருப்போட்டா வந்துட்டுப் போகுது!" என்பார்கள்.

அந்த அப்பாக்கள் ஒரு தடவை கேள்வித்தாளைப் பார்க்க வேண்டும்.

பயாலஜி என்று பேர்தான் ஒன்று. உள்ளே இருப்பது இரண்டு. உயிரி–தாவரவியல் 35 மார்க். உயிரி–விலங்கியல் 35 மார்க். மொத்தம் 70. இது போக செய்முறைத் தேர்வுக்கு 20, பள்ளிக்கூடத்திலேயே போடும் அகமதிப்பீட்டுக்கு 10. எழுத்துத் தேர்வில் 70க்கு 15ஆவது எடுத்தாக வேண்டும். எல்லாம் சேர்த்து 35 வந்தால் பாஸ்.

ஒவ்வொரு பாதியிலும் ஒரு மார்க் கேள்வி 8. இரண்டு மார்க் கேள்வி 6 கொடுத்து 4 எழுதச் சொல்வார்கள். மூன்று மார்க்கில் 5 கொடுத்து 3. அதில் ஒன்று கட்டாயக் கேள்வி, தப்பிக்க முடியாது. ஐந்து மார்க் கேள்வி 2. கூட்டிப் பார்த்தால் 35.

காலை 10 மணிக்கு மணி அடிக்கும். கேள்வித்தாளைப் படிக்க 10 நிமிஷம். விவரங்களைப் பூர்த்தி செய்ய 5 நிமிஷம். 10.15க்கு எழுத ஆரம்பித்தால் 1.15க்குப் பேப்பரைப் பிடுங்கி விடுவார்கள். மூன்று மணி நேரத்துக்குள் 34 கேள்விக்குப் பதில், படங்கள், இரண்டு தனித்தனி விடைகள்.

தாவரவியலில் ஆசையாகப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, விலங்கியலுக்கு வரும்போது மணி 12.30 என்றால் என்ன ஆகும்? தெரிந்த பதிலும் பேனாவிலேயே தங்கிவிடும். ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று பாகம் பிரிக்கத் தெரிய வேண்டும். இந்தப் பழக்கத்தை எந்தப் பாடப் புத்தகமும் சொல்லிக் கொடுப்பதில்லை. வீட்டில் கடிகாரத்தை முன்னால் வைத்து எழுதிப் பார்த்தால்தான் வரும்.

200 மார்க் காலம்

இன்றைய அப்பாக்கள் படித்த காலத்தில் பயாலஜிக்கு 200 மார்க். அதற்கும் முந்தியவர்கள் பி.யு.சி. படித்தவர்கள். தமிழ்நாட்டில் பிளஸ்–1 வகுப்பு 1978ல் வந்தது. முதல் பிளஸ்–2 பரீட்சை 1980ல் நடந்தது. டாக்டர் படிப்புக்கு நுழைவுத் தேர்வு 1984ல் வந்தது. அதை 2006ல் சட்டம் போட்டு எடுத்தார்கள். அப்புறம் பத்து வருஷம் பிளஸ்–2 மார்க்கே எல்லாம். பயாலஜிக்கு 100, பிசிக்சுக்கு 50, கெமிஸ்ட்ரிக்கு 50 என்று சுருக்கி, 200க்கு எத்தனை என்று பார்த்து மெடிக்கல் சீட் கொடுத்தார்கள்.

2017ல் நீட் வந்தது. ஆட்டமே மாறிப் போயிற்று.

அதே நேரத்தில் பிளஸ்–2 மொத்த மார்க்கும் 1200ல் இருந்து 600 ஆனது. புத்தகமும் மாறியது. 2018ல் பிளஸ்–1க்கும் 2019ல் பிளஸ்–2க்கும் புதுப் புத்தகம். பழசைவிட கனம். பிளஸ்–2 தாவரவியலில் 10 பாடம், விலங்கியலில் 12 பாடம். நீட்டுக்கு பிளஸ்–1 பாடமும் வேண்டும். முன்பு பல பள்ளிக்கூடங்கள் பிளஸ்–1 புத்தகத்தைத் திறக்காமலே இரண்டு வருஷமும் பிளஸ்–2 பாடத்தை அரைத்துக் கொண்டிருந்தன. அந்த வித்தை நீட்டில் செல்லாது.

அப்பாவின் டி.எம்.வி., மகளின் டி.எம்.வி.

புத்தகத்தின் கனத்தைப் பார்த்துப் பயப்படுகிற சிங்கவரத்துப் பிள்ளைகள் ஒரு விஷயத்தை யோசிப்பதில்லை. அந்தப் புத்தகத்தில் பாதி, வீட்டைச் சுற்றியே கிடக்கிறது.

செஞ்சி வட்டாரம் நெல்லும் கடலையும் விளைகிற பூமி. கடலைக்கொல்லையில் இறங்காத பிள்ளை இங்கே கிடையாது. மஞ்சள் பூ பூக்கும். பூ வாடியதும் அடியில் இருந்து விழுது இறங்கும். மண்ணுக்குள் போய்க் காய் பிடிக்கும். மேலே பூத்து கீழே காய்க்கிற அதிசயம் அவர்களுக்கு அதிசயமாகவே படுவதில்லை. நாற்பது, நாற்பத்தைந்தாவது நாள் ஜிப்சம் போட்டு மண் அணைப்பது எதற்கு என்று கேட்டால் அப்பா சொல்வார்: "விழுது சுலபமா இறங்கணும், காய் திரட்சியா வரணும்." அந்த விழுதுக்குள் கருவுற்ற சூல் இருக்கிறது என்று ஆசிரியர் சொன்னால் பாடம் முடிந்தது.

செடியைப் பிடுங்கினால் வேரில் சின்னச் சின்ன முண்டு இருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. அதற்குள் ரைசோபியம் என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது. சிவப்பு நிறம் லெக்ஹீமோகுளோபின் என்ற பொருளால் வருவது. நம் ரத்தத்தின் சிவப்புக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக் கொள்ளலாம். பிளஸ்–1 புத்தகத்தில் இதற்குப் பக்கக் கணக்கில் பாடம். கொல்லையில் ஒரு செடி போதும்.

விதை வாங்கும்போது அப்பா "டி.எம்.வி." என்பார். டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று கடலை ரகங்கள். திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய ரகங்களுக்கு அந்தப் பேர். திண்டிவனம் செஞ்சியில் இருந்து முப்பது கிலோ மீட்டருக்குள்தான்.

ஆனால் மகளின் பிளஸ்–1 புத்தகத்திலும் டி.எம்.வி. என்று வருகிறது. அது வேறு! புகையிலைச் செடிக்கு நோய் கொடுக்கும் மொசைக் வைரஸ். பாக்டீரியாவைப் பிடிக்கும் வடிகட்டியையும் தாண்டி நோய் பரவுகிறது என்று ரஷியாவில் இவனோவ்ஸ்கி 1892ல் காட்டினார். அதைப் படிகமாகப் பிரித்து எடுத்தவர் அமெரிக்காவின் ஸ்டான்லி. வருஷம் 1935. அப்பாவுக்கு டி.எம்.வி. என்றால் மகசூல். மகளுக்கு டி.எம்.வி. என்றால் நோய். ஒரே வீட்டில் இரண்டு டி.எம்.வி.!

"பயிர்ப் பெருக்கம்" பாடத்தை இந்த வீட்டுப் பெண் மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. புது ரகம் எப்படி உண்டாக்குகிறார்கள்? கடலைப் பூ தனக்குத் தானே மகரந்தம் சேர்த்துக் கொள்ளும். அதை விடக் கூடாது. முதல் நாள் சாயங்காலம் மொக்கைப் பிரித்து மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்து விடுவார்கள். மறுநாள் காலையில் வேறு ரகத்தின் மகரந்தத்தைக் கொண்டு வந்து தடவுவார்கள். பாடத்தில் இதற்குப் பெரிய பெரிய பேர். செய்வது மூக்குக்குறட்டை வைத்து உட்கார்ந்து செய்கிற பொறுமை வேலை.

அதே பாடத்தில் திருவாரூர் மாவட்டத்து நெல் ஜெயராமனும் வருகிறார். 170க்கு மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்தவர். 2018 டிசம்பரில் காலமானார். மறு வருஷம் பாடப் புத்தகத்துக்கு வந்து விட்டார்.

பனையும் பாறையும்

பனைமரத்தில் ஆண், பெண் உண்டு என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆண் பனையில் நுங்கு கேட்டால் சிரிப்பார்கள். ஒரே மரத்தில் இரண்டு பூவும் இருப்பது எது, தனித்தனி மரத்தில் இருப்பது எது என்று கேள்வி வந்தால் பனையை நினைத்தால் போதும்.

இளநீர் வெட்டுகிறவரிடம் வழுக்கையாகக் கேட்டு வாங்கிக் குடிக்கிறோம். அந்தத் தண்ணீர் என்ன? விதைக்குள் வளரும் குழந்தைக்காகச் செடி சேர்த்து வைத்த சாப்பாடு. கருவூண் திசு என்று பேர். தண்ணீராக இருக்கும்போது செல் சுவர் எழும்பாமல் உட்கருக்கள் மிதந்து கொண்டிருக்கின்றன. சுவர் எழும்பினால் அது தேங்காய்ப் பருப்பு. இளநீர், வழுக்கை, முற்றல் மூன்றையும் ஒரு கடையிலேயே பார்க்கலாம். மூன்று மார்க்!

கோட்டைக்கு வருவோம். ராஜகிரி 800 அடி உயரம். சுற்றிலும் மலையை உடைத்துக் கொட்டி வைத்தது போல உருண்டைப் பாறைகள். 2025 ஜூலையில் மராட்டியர் காலக் கோட்டைகள் 12ஐ உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. அதில் 11 மகாராஷ்டிராவில். தமிழ்நாட்டில் இருந்து செஞ்சி ஒன்றுதான். கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் மதிலைப் பார்க்கிறார்கள், தானியக் களஞ்சியத்தைப் பார்க்கிறார்கள். பாறையைப் பார்ப்பதில்லை.

அந்தப் பாறையில் சாம்பலும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக ஒட்டிக் கொண்டிருப்பது அழுக்கு அல்ல. லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம். வெறும் பாறையில் முதலில் குடியேறுவது அதுதான். அமிலத்தைச் சுரந்து பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். தூசு தங்கும். பாசிச் செடி வரும். அப்புறம் புல். அப்புறம் முள்செடி. கடைசியில் மரம். புத்தகத்தில் இதற்கு "தாவர வழிமுறை வளர்ச்சி" என்று தலைப்பு. ஐந்து மார்க் கேள்வியாக வந்தால் பல பிள்ளைகள் பேரைப் பார்த்தே மிரண்டு விடுகிறார்கள். சிங்கவரம் குன்றுப் படியில் ஏறுகிற பிள்ளை, ஒரு நாள் குனிந்து பார்த்தால், பாறை, லைக்கன், புல், புதர் எல்லாம் வரிசையாகக் கண்ணில் படும்.

மெண்டல் ஆராய்ச்சி செய்த பட்டாணிச் செடிதான் இந்தப் பக்கத்தில் இல்லை. ஆனால் செஞ்சிக் கடைத்தெருவில் எந்த மளிகைக் கடையிலும் பட்டாணி உண்டு. பச்சையும் உண்டு, மஞ்சளும் உண்டு. மெண்டல் எண்ணிய மஞ்சள் பட்டாணி 6,022. பச்சை 2,001. மூன்றுக்கு ஒன்று! இப்படி எட்டு வருஷம் எண்ணிக் கொண்டே இருந்தார் அந்தப் பாதிரியார். 1866ல் கட்டுரை வெளியானது. அவர் இருந்தவரை யாரும் அதைப் பெரிதாக எடுத்துக் கொள்ளவில்லை.

பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தி. இந்த மெண்டல் 1850ல் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதினார். இயற்கைப் பாடத்தில் தோற்றார்! 1856ல் மறுபடியும் போனார். முடிக்காமல் திரும்பினார். இன்றைக்கு அவர் பேரில் ஐந்து மார்க் கேள்வி!

எந்தக் கருப்பை?

சரி, கொல்லையில் எல்லாம் தெரிகிறதே, பிறகு என்ன கஷ்டம்? சொற்கள்.

தாவரவியலில் "கருப்பை" என்று வரும். பூவின் சூலுக்குள் இருப்பது. 7 செல், 8 உட்கரு. படம் போட்டுப் பாகம் குறிக்க வேண்டும். விலங்கியலுக்குப் போனால் அங்கேயும் "கருப்பை". அது தாயின் வயிற்றில் பிள்ளை வளருகிற இடம். ஒரே நாளில், ஒரே பரீட்சையில், ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பேர் உண்டு. தமிழ் மீடியம் பிள்ளை கேள்வி எந்தப் பாதியில் இருக்கிறது என்று பார்த்துத்தான் பேனாவை வைக்க வேண்டும்.

கடலைத் தாண்டினால் இன்னும் வேடிக்கை. இலங்கையில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் உயர்தரப் பரீட்சைக்கு உயிரியலைத் தமிழிலேயே எழுதுகிறார்கள். நாம் செல் என்பது அவர்களுக்குக் கலம். நாம் திசு என்பது இழையம். நாம் ஒளிச்சேர்க்கை என்பது ஒளித்தொகுப்பு. நாம் நொதி என்பது நொதியம். இங்கத்திய பிள்ளை அந்தப் பேப்பரைப் பார்த்தால் கொஞ்ச நேரம் விழிக்கத்தான் வேண்டும். அதே யாழ்ப்பாணத்து மானிப்பாயில்தான் அமெரிக்காவில் இருந்து வந்த டாக்டர் சாமுவேல் கிரீன், 19ம் நூற்றாண்டிலேயே மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழில் சொல்லிக் கொடுத்து டாக்டர்களை உண்டாக்கினார். தமிழில் டாக்டர் படிப்பு முடியுமா என்று இன்றைக்கும் பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

நீட் கேள்வித்தாள் தமிழிலும் உண்டு. ஆனால் அதை நம்பி முழுசாக இறங்க முடியாது. 2018ல் என்ன நடந்தது? தமிழ்க் கேள்வித்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புத் தப்பு என்று வழக்கு வந்தது. சிறுத்தை என்று வர வேண்டிய இடத்தில் "சீத்தா" என்று இருந்தது! காட்டில் ஓடுகிற மிருகம் பழக்கடைக்கு வந்து விட்டது!

ஐகோர்ட்டின் மதுரைக் கிளை, கேள்விக்கு 4 மார்க் வீதம் 196 மார்க் கொடுக்கச் சொல்லி 2018 ஜூலையில் தீர்ப்பளித்தது. தமிழ் மீடியம் பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். பத்தே நாளில் சுப்ரீம் கோர்ட்டு அதை நிறுத்தி வைத்தது. நவம்பரில் அந்தத் தீர்ப்பையே ரத்து செய்தது. சந்தேகம் வந்தால் ஆங்கிலக் கேள்விதான் முடிவானது என்பது நீட் விதி.

ஆகவே தமிழ் மீடியம் பிள்ளை ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தடவை படிக்க வேண்டியிருக்கிறது. பிளஸ்–2வுக்குத் தமிழில். நீட்டுக்காக அதன் ஆங்கிலப் பேர். பாட்டனி நோட்டில் பக்கத்தைச் சரிபாதியாக மடித்து, ஒரு பக்கம் தமிழ்ச் சொல், எதிர்ப்பக்கம் ஆங்கிலச் சொல் என்று பிளஸ்–1 சேர்ந்த நாளில் இருந்து எழுதி வருகிற பிள்ளைக்கு மே மாதம் பாரம் குறைவு. பிளஸ்–2 முடித்து ஒரு மாதத்தில் இதைச் செய்ய உட்கார்ந்தால் தலை சுற்றும்.

எழுதுகிற கை, குறிக்கிற கை

இரண்டு பரீட்சைக்கும் என்னதான் வித்தியாசம்?

பிளஸ்–2வில் எழுத வேண்டும். படம் போட வேண்டும். பாகம் குறிக்க வேண்டும். ஐந்து மார்க் பதிலில் பாதி தெரிந்தாலும் பாதி மார்க்காவது வரும். திருத்துகிறவர் மனுஷர்.

நீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. 2025ல் நடந்த நீட்டில் 180 கேள்வி, 180 நிமிஷம், 720 மார்க். அதில் சரிபாதி பயாலஜி. 90 கேள்வி, 360 மார்க். சரியாகக் குறித்தால் 4. தப்பாகக் குறித்தால் இருப்பதில் 1 போய்விடும். பாதி தெரிந்தது அங்கே தெரியாததற்குச் சமம். சில சமயம் அதைவிட மோசம். நான்கு பதிலில் இரண்டு சரி போலவே தோன்றும். பாதி தெரிந்த பிள்ளைதான் அந்த வலையில் விழும்.

பிளஸ்–2வுக்குப் பாடத்தின் பின்னால் இருக்கும் கேள்விகளை முடித்தால் கரையேறலாம். நீட்டுக்கு வரிக்கு வரி வேண்டும். படத்துக்கு அடியில் இருக்கும் சின்ன எழுத்தையும் விடக் கூடாது. "முக்கியக் கேள்விகள்" புத்தகத்தை மட்டும் வாங்கிக் கொடுத்து விட்டு, பிள்ளை டாக்டர் ஆகும் என்று காத்திருக்கும் பெற்றோர்கள் பாவம்.

படத்துக்கு ஒரு வார்த்தை. தலைகீழ்ச் சூல், முதிர்ந்த மகரந்தப்பை, மனித விந்துசெல், கருவுறுதல் என்று பத்துப் பதினைந்து படங்களைத் தினமும் ஒன்று வீதம் பென்சிலால் போட்டு வந்தால் பிளஸ்–2வுக்குப் படமும் ஆச்சு, நீட்டுக்குப் பாகமும் ஆச்சு. இரண்டு பரீட்சைக்கும் ஒன்றாக உதவுகிற ஒரே வேலை இதுதான். கலர் பென்சில் செலவே தேவை இல்லை. படம் அழகாக இருக்க வேண்டாம், பாகம் சரியாக இருந்தால் போதும்.

இன்னொரு பழக்கம். பயாலஜியை ராத்திரி கடைசியில் வைத்துக் கொள்வது. "இது கதை மாதிரிதானே, படுத்துக்கிட்டே படிக்கலாம்" என்று பாயில் விழுந்தால் புத்தகம் முகத்தின் மேல் கிடக்கும், பிள்ளை தூங்கி இருக்கும். மத்தியான வேளையில் தங்கை, தம்பியை உட்கார வைத்து வாத்தியார் மாதிரிப் பாடம் நடத்துகிற பெண்கள் உண்டு. தம்பிக்கு ஒன்றும் புரியாது. நடத்துகிற அக்காவுக்குப் புரிந்து விடும்.

"டாக்டர் கிடைக்கலேன்னா எல்லாம் வேஸ்ட்டா?"

இதைக் கேட்காத அம்மா இல்லை. நீட் வந்த பிறகு பிளஸ்–2 பயாலஜி மார்க்குக்கு மதிப்பு இல்லை என்று ஒரு பேச்சு டீக்கடைவரை பரவி இருக்கிறது. அது தப்பு.

முதலாவது, நீட் மூலம் சேரவே பிளஸ்–2வில் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூன்றிலும் சேர்த்துப் பாதி மார்க் வேண்டும். பிற்பட்டோர், தாழ்த்தப்பட்டோருக்கு 40 சதவீதம்.

இரண்டாவது, வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. விவசாயம் சேர நீட் கிடையாது. பிளஸ்–2 மார்க்தான். கால்நடை டாக்டர் படிப்பிலும் மாநில இடங்களுக்கு பிளஸ்–2 மார்க்தான். நர்சிங்கும் அப்படியே. ஒரு மார்க், அரை மார்க்கில் அங்கே சீட் போகிறது. மார்ச்சில் விலங்கியலுக்கு நேரம் போதாமல் விட்ட ஐந்து மார்க்கின் விலை ஜூலையில்தான் தெரியும்.

மூன்றாவது, அரசுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு 2020ல் வந்த சட்டம். மெடிக்கல் இடங்களில் 7.5 சதவீதம் அவர்களுக்கு உள்ஒதுக்கீடு. அதற்கு முந்திய வருஷம் அரசுப் பள்ளியில் இருந்து டாக்டர் படிப்புக்குப் போனவர்களை விரல் விட்டு எண்ணி விடலாம். சட்டம் வந்த முதல் வருஷமே எம்.பி.பி.எஸ்., பல் டாக்டர் இடங்கள் சேர்ந்து 400 வரை வந்தன. 2021ல் விவசாயம், கால்நடை, என்ஜினீயரிங் படிப்புக்கும் இதே ஒதுக்கீடு கொண்டு வந்தார்கள்.

ஆனால் இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. ஆறாம் வகுப்பில் இருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். நடுவில் ஒன்பதாம் வகுப்புக்கு "இங்கிலீஷ் நல்லா வரட்டும்" என்று கடன் வாங்கி வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றுகிற அப்பா, பணத்தோடு இந்த ஒதுக்கீட்டையும் சேர்த்துத் தொலைக்கிறார். கடைக்காரர்களும் குமாஸ்தாக்களும் பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போதே யோசிக்க வேண்டிய விஷயம் இது. பன்னிரண்டில் யோசித்துப் பலன் இல்லை.

விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி 2010ல் முண்டியம்பாக்கத்தில் ஆரம்பித்தது. செஞ்சியில் காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் பார்த்து விட்டுத் திரும்பலாம். உடம்புக்கு முடியாமல் அங்கே போய் வந்த குடும்பங்கள் சிங்கவரத்தில் நிறைய. வெள்ளைக் கோட்டுப் போட்டுக் கொண்டு வார்டில் நடக்கிற பெண்ணைப் பார்த்து விட்டு வந்த பாட்டி, வீட்டுப் பேத்தியிடம் கேட்பாள்: "நீயும் அந்த மாதிரி வருவியாடி?"

பேத்தி என்ன சொல்வாள்? நோட்டைத் திருப்பிக் கொள்வாள்.

பயாலஜி அன்றைக்கு மத்தியானம் 1.15க்குப் பள்ளிக்கூட வாசலில் அப்பாமார்கள் நிற்பார்கள். சில பேர் கடையைப் பாதி சாத்தி விட்டு வந்தவர்கள். பிள்ளைகள் கேள்வித்தாளை விசிறியாக மடித்துக் கொண்டு வெளியே வரும். "தாவரவியல் சுலபம், விலங்கியல் இழுத்துடுச்சு" என்று ஒரு கட்சி. "எனக்கு அப்படியே மாத்தி" என்று இன்னொரு கட்சி.

பங்குனியில் இந்தப் பக்கம் கடலை பிடுங்குகிற காலம். பரீட்சை முடிந்த மறுநாள் பாதிப் பிள்ளைகள் கொல்லையில்தான் இருப்பார்கள். அம்மா குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து செடியில் இருந்து கடலை ஆய்ந்து கொண்டிருப்பாள். பக்கத்தில் வேப்பமர நிழலில் மகள். மடியில் நீட் கேள்விப் புத்தகம்.

"பரீட்சைதான் முடிஞ்சு போச்சே, இன்னும் என்னடி படிப்பு?"

"இது மே மாசத்துக்கும்மா."

"சரி, படி. கை சும்மாதானே இருக்கு, ரெண்டு செடி எடுத்து ஆஞ்சுக்கிட்டே படி."

மகள் ஒரு செடியை இழுப்பாள். வேரில் முண்டு இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து விட்டுத்தான் காயில் கை வைப்பாள்.